தபால் பைக்குள் வந்த மருந்துப் பொதிகள்

2020 ஏப்ரல் மாதம் முழுக்க என் தபால் பைக்குள் மருந்துதான். ஊரடங்கு நேரம். கிளினிக்குக்குப் போக ஒருவருக்கும் வழியில்லை. அரச ஆஸ்பத்திரிகளில் கிளினிக் பார்க்கிறவர்களின் மாத மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புவதென்று நாடு முழுவதுக்கும் ஒழுங்கு செய்திருந்தார்கள். எங்கள் உபதபாலகத்துக்கும் கட்டுக்கட்டாகக் காகித உறைகள் வந்து இறங்கின. உறையின் மேல் பெயர், விலாசம், கிளினிக் இலக்கம். கையில் எடுத்தால் உள்ளே குளிசைகள் உரசுகிற சத்தம் கேட்கும்.

முதல் நாள் என்னுடைய பகுதிக்கு மட்டும் 34 பொதி. படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேலிக் கதியாலில் கொழுவிவிட்டுத் தள்ளி நிற்பேன். வந்து எடுப்பார்கள். 1994 முதல் இந்த வீடுகளுக்குப் போய் வருகிற ஆள் நான். ஆருக்கு வெளிநாட்டில் இருந்து காசு வருகிறது, ஆருக்கு லீசிங் கொம்பனியில் இருந்து கடைசி அறிவித்தல் வருகிறது, ஆற்றை பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தது, எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் ஆருக்கு என்ன வருத்தம் என்பது அந்த ஏப்ரலில்தான் தெரிந்தது. வயது போனவர்களுக்கு மருந்து வந்தால் ஆச்சரியமில்லை. 38 வயது மேசனுக்கு வந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் கரப்பந்தில் மாவட்ட அணிக்கு விளையாடிய ஒரு பொடியனுக்கு வந்தது. பொதியை வாங்கினவர்களே வாய்விட்டுச் சொன்னார்கள்: "சீனிக் குளிசை அண்ணை", "பிறஷருக்கு", "ரண்டும்தான்".

ஒரு ஒழுங்கையில் அடுத்தடுத்து ஐந்து வீட்டுக்குக் கொடுத்தேன். சீனி வருத்தம் பரம்பரையில் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஐந்து வீட்டில் ஒன்று இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். இரண்டு, 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தில் இருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவை. இரண்டு, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவை. ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. சமையல்கூட வேறு வேறு. அவர்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒழுங்கைதான். அதே ஒழுங்கையில் 26 வருடமாகப் போய்வருகிற நான் அதைக் கவனிக்கவில்லையே என்று அன்று இரவு நித்திரை வரவில்லை.

நான் இருப்பது பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே இறங்குகிற ஒரு கிராமம். 1994இல் வேலைக்கு வந்தபோது எனக்கு ஒரு லுமாலா சைக்கிள். சுற்று முடிக்க 27 கிலோமீற்றர். சண்டைக்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல், சீமெந்து, பற்றரி, சவர்க்காரம் என்று வன்னிக்குள் வராத சாமான்களின் பட்டியல் நீண்டது. ரயர் தேய்ந்தால் பழைய ரயர்த் துண்டை உள்ளே வைத்துத் தைத்து ஓடினோம். நெல்மூட்டையும் விறகும் சைக்கிளில்தான் போகும். பிள்ளைத்தாச்சியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம். கடிதம் சில வேளை கிழமைக்கு ஒருக்கால் வரும், சில வேளை அதுவும் இல்லை. என்றாலும் ஓய்வூதியம், ஏலாதவர்களுக்கு அரசு தருகிற பிச்சைச் சம்பளம் என்று ஏதோ ஒன்றுக்கு நாள்தோறும் மிதித்தேன். கிரவல் றோட்டு, மாரியில் களி, கோடையில் புழுதி. அதை ஒருவரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை.

தேத்தண்ணி அப்போதும் எல்லா வீட்டிலும் தருவார்கள். சீனிதான் இல்லை. ஒரு துண்டு பனங்கட்டி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு தோடம்பழ இனிப்பு. வாய்க்குள் அடக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்துமுடிப்பது. ஒரு இனிப்பில் இரண்டு கோப்பை போகும். காலையில் குரக்கன் புட்டு அல்லது அரிசிமாப் புட்டு, மத்தியானம் குத்தரிசிச் சோறு, முருங்கையிலை வறை, குளத்து ஜப்பான் மீன். இல்லாத நாளில் மரவள்ளிக் கிழங்கும் சம்பலும்.

அந்தக் காலம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி எழுதினால் அது பொய். 1996இலும் 1997இலும் எனக்கு மூன்று முறை மலேரியா வந்தது. உடம்பு கட்டிலோடு சேர்ந்து நடுங்கும். ஒரு மரத்தின் கீழ் மூன்று குடும்பம் தரப்பாள் கட்டி இருந்த காலம். ஆறு வற்றி இடைக்கிடை குட்டையாய்த் தேங்கி நிற்கும், அந்தக் குட்டையில்தான் மலேரியா நுளம்பு முட்டையிடும். நிலத்தில் பாயில் படுப்பவர்களை இரவில் விரியன் கடித்த கதை எங்கள் ஊரில் எத்தனையோ. கட்டிலும் நுளம்பு வலையும் இருந்தாலே அதில் பாதி உயிர் தப்பியிருக்கும்.

மலேரியாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்ல நினைக்கிறேன். மலேரியா வந்தவனைப் பார்த்து "நீ ஏன் நுளம்பு கடிக்க விட்டாய்" என்று ஆரும் கேட்கவில்லை. மலேரியாக்காரர் என்று நாங்கள் சொல்கிறவர்கள் முதுகில் பம்புடன் சைக்கிளில் வந்தார்கள். வீட்டுச் சுவருக்கு மருந்தடித்தார்கள். குட்டைகளைத் தேடினார்கள். விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள், வலை கொடுத்தார்கள். காய்ச்சல் ஆளுக்கு வந்தாலும் வேலை நடந்தது ஆளைச் சுற்றியிருந்த இடத்தில். சண்டைக்குள்ளும் அந்த வேலை முழுதாக நிற்கவில்லை. 2012க்குப் பிறகு இலங்கைக்குள் பரவிய மலேரியா ஒன்றும் இல்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. வன்னியில் மலேரியாவில் நடுங்கிய ஒருவனுக்கு அந்தச் செய்தி எவ்வளவு பெரிது என்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்குமோ தெரியாது. வானொலியில் கேட்டுவிட்டு நான் வேலிக்கரையில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

சீனி வருத்தத்துக்கு அப்படி ஒருவரும் பம்புடன் வருவதில்லை.

2009இல் என்ன நடந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் வவுனியாவில் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தோம், 2010இல் திரும்பி வந்தோம். கிணற்றடி இருந்தது, வீடு இல்லை. தகரமும் தரப்பாளும் தந்தார்கள். நிவாரண அட்டைக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. அந்த மா எங்களைக் காப்பாற்றியது, அதில் எனக்கு நன்றி உண்டு. ஆனால் மாதக்கணக்கில் அதையே தின்ற வாய் அதற்குப் பழகிவிட்டது. நிவாரணம் நின்ற பிறகும் ரொட்டியும் பாணும் நிற்கவில்லை. குரக்கன் விதைக்கிற மேட்டு நிலத்தில் கண்ணிவெடி எடுத்து முடியும்வரை கால் வைக்க முடியாது. நிலம் விடுபட்டபோது விதைக்கத் தெரிந்தவர்களில் பலர் இல்லை. என் பிள்ளைகள் குரக்கன் புட்டை முதல்முதல் ருசித்தது கிளிநொச்சியில் ஒரு சுகாதாரக் கண்காட்சியில்.

பிறகு எல்லாம் வேகமாக வந்தது. ஏ9 வீதி காப்பெற் ஆனது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு யாழ்தேவி ரயில் வந்தது, பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே வருடம் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். அது வேண்டாத செலவு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. மகளை ரியூசனுக்குக் கொண்டுபோகவேண்டும், மனைவிக்கு முதுகு ஏலாது. ஐந்து மணித்தியாலச் சுற்று இரண்டரை மணித்தியாலமாகக் குறைந்தது. மிச்ச நேரம் கதிரையில் இருந்தேன். எங்கள் ஊரில் அந்த நாலைந்து வருடத்துக்குள் சைக்கிள்கள் வேலியில் சாத்தப்பட்டன, பிறகு கோழி அடைகிற இடமாகின.

வீடுகளும் மாறின. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா தவணை தவணையாக வந்தது. ஆக்கள் தாங்களே நின்று கட்டினார்கள். கொட்டிலில் இருந்து கல்வீட்டுக்குப் போன சந்தோசத்தை நான் படலையில் நின்று பார்த்தவன். அந்த வீட்டின் பத்திரமும் கடிதமும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் கல்வீட்டோடு மதிலும் வந்தது. முன்பு எங்களுக்குச் சீமைக்கிளுவையும் பூவரசும் நட்ட வேலி. வேலி என்றால் அதில் ஒரு பொட்டு இருக்கும். பொட்டு என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் தெரியும்: இரண்டு கதியாலுக்கு இடையில் ஆள் நுழைகிற அளவு வழி. உப்பு வாங்க, நெருப்பு வாங்க, பிள்ளையைப் பார்க்கச் சொல்ல, புருசன் அடித்தால் ஓடி வர, செத்தவீட்டுக்கு அடுப்பு மூட்ட, எல்லாம் அந்தப் பொட்டாலைதான். ஒரு பெண் ஒரு நாளைக்கு இருபது தரம் அந்த வழியால் போய் வருவா. மதிலில் பொட்டு இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போக இப்போது படலை திறந்து, றோட்டுக்கு ஏறி, மறு படலையைத் தட்டவேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் போவதுதான் முன்பு வழக்கம்.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி எழுதியிருக்கிறார். காயம் தனியாளுக்குள் மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் இடையில் இருந்த இழைகளில் இருக்கிறது என்பது அவர் சொல்வதில் எனக்கு விளங்கிய பகுதி. நான் படித்தவன் இல்லை, தபால்காரன். ஆனால் அந்தப் பொட்டு அடைபட்ட பிறகு சில ஆச்சிமார் எப்படி ஒடுங்கிப்போனார்கள் என்பதற்கு நான் சாட்சி. பென்சன் நாளில் என்னைப் படலையில் அரை மணித்தியாலம் மறித்து வைத்துக் கதைப்பார்கள். அந்த மாதத்தில் அவர்கள் கதைத்த நீண்ட கதை அதுவாக இருக்கும்.

தேத்தண்ணிக்கு வருகிறேன். மீளக்குடியேறிய பிறகு எங்கள் ஊரில் தேத்தண்ணி கொடுப்பது வேறு ஒன்றாகிவிட்டது. கோப்பையே இல்லாமல் மெனிக் பாமில் போத்தலை வெட்டிக் குடித்த சனம். முதல் கோப்பை செற் வாங்கின வீட்டில் என்னைக் கூப்பிட்டு இருத்தி, மூன்று கரண்டி சீனி போட்டுத் தந்தார்கள். "சீனிக்கு இப்ப பஞ்சமில்லை, குடியுங்கோ அண்ணை." அந்தக் கோப்பையை நான் வேண்டாமென்று சொன்னால் என்ன அர்த்தம்? எங்களிடம் இப்போது இருக்கிறது, எங்களாலும் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று அந்தக் கை சொல்கிறது. அதைத் தட்டிவிடுகிற மனம் எனக்கு வரவில்லை. ஒரு சுற்றில் ஏழு வீடு, ஏழு கோப்பை, 21 கரண்டி. அதோடு ஒரு வீட்டில் பிறந்தநாள் கேக், ஒரு வீட்டில் சாமத்தியவீட்டுப் பலகாரம், ஒரு வீட்டில் கனடாவில் இருந்து வந்த சொக்கிலேற்.

தண்ணியும் அதில் ஒரு பங்கு. எங்கள் பக்கம் சில கிணறு நல்ல தண்ணி, சிலது சவர். சவர்க் கிணறு உள்ள வீட்டில் பிள்ளைகள் வெறும் தண்ணி குடிக்க மாட்டார்கள். தேயிலையும் சீனியும் போட்டால்தான் இறங்கும், அல்லது கடையில் சோடா. சுத்திகரித்த குடிநீர் விற்கிற இடம் நாலு கட்டை தூரம். மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டில் அந்தக் கான் கிழமைக்கு ஒருக்கால்தான் நிரம்பும். வயலில் வெய்யிலில் நிற்பவர்கள் தண்ணி போதாமல் நின்றால் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். அநுராதபுரம் பக்கம் சிறுநீரக வருத்தத்தில் எத்தனை விவசாயிகள் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வவுனியாவில் என் மச்சானின் ஊரில் பிள்ளைகளின் பல்லில் புளோரைட் காவி. கிணற்றைப் பார்த்தாலே அந்த வீட்டுப் பிள்ளையின் பல்லும் தாயின் தேத்தண்ணியும் எனக்குத் தெரியும்.

2021 தை மாதம் எனக்கும் கிளினிக் கொப்பி கிடைத்தது. வெறுவயிற்றில் சீனி 192. டொக்டர் பிள்ளை நல்ல பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். வெளியே எண்பது பேர் வாங்கில் காத்திருக்க, எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினா. "ஐயா, வாயைக் கட்டுங்கோ. மாச்சாப்பாட்டைக் குறையுங்கோ. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ." அவவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மூன்று வசனத்தோடு வீட்டுக்கு வந்து நான் யோசித்தேன், எங்கே நடப்பது?

றோட்டில் நிழல் இல்லை. பங்கருக்குக் குற்றி வெட்டியதில் பாதி மரம் போனது, இடப்பெயர்வில் விறகுக்குக் கொஞ்சம், றோட்டு அகலித்ததில் மிச்சம். நான் வேலைக்கு வந்த காலத்தில் வீதியோரம் நின்ற மருதும் பாலையும் இப்போது என் ஞாபகத்தில்தான். பகலில் காப்பெற் றோட்டில் இருந்து எழும்புகிற வெக்கை முகத்தில் அறையும். விடியப்புறம் போனால் நாய். குளக்கட்டு நல்ல இடம், ஆனால் வெளிச்சம் இல்லை, காட்டுக்கரைப் பக்கம் யானை. மனைவிக்கும் பிறஷர். அவ ஒரு நாள் பின்னேரம் தனியாக நடந்துவிட்டு வந்தா. அடுத்த நாள் மூன்று வீட்டில் என்னிடம் கேட்டார்கள்: "அக்கா நேற்று எங்க போனவ? ஏதும் பிரச்சினையோ?" பாசத்தில்தான் கேட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவ போகவில்லை. பெண் ஒருத்தி றோட்டில் நடந்தால் கடைக்கோ கோயிலுக்கோ கிளினிக்குக்கோ போகவேண்டும். சும்மா நடப்பதற்கு எங்கள் ஊரில் இடமுமில்லை, ஒரு சொல்லுமில்லை.

மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறா. லீவில் வந்தபோது நான் இதைச் சொல்லிக் கவலைப்பட்டேன். "அப்பா, உங்கடை ஆக்களைப் பற்றி எழுபது வருசத்துக்கு முதலே ஆராய்ச்சி செய்திருக்கினம்" என்று சிரித்துக்கொண்டு ஒன்றைச் சொன்னா. லண்டனில் ஜெரி மொறிஸ் என்ற டொக்டர் 1953இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே இரட்டைத்தட்டு பஸ்சில் சாரதி நாள் முழுக்க இருக்கிறார், கொண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறார். ஒரே பஸ், ஒரே றோட்டு. மாரடைப்பு சாரதிகளுக்குக் கூட, கொண்டக்டர்களுக்குக் குறைவு. அதே ஆய்வில் தபால்காரர்களையும் பார்த்தார்களாம். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுக்கிற தபால்காரருக்கு, தபால் திணைக்களத்தில் கதிரையில் இருந்து வேலை செய்தவர்களையும் ரெலிபோன்காரரையும் விட இருதய வருத்தம் குறைவு. பிறகு அதே ஆக்கள் பஸ் ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது சாரதிகளின் இடுப்பு ஆரம்பத்திலேயே பெரிதாக இருந்ததாம், ஆகவே எல்லாவற்றையும் கதிரையின் தலையில் போட ஏலாது என்றும் மகள் சொன்னா. அது நேர்மையான பேச்சு. ஆனால் எனக்கு மனதில் நின்றது அந்த லண்டன் தபால்காரர்தான். அவர் தன் உடம்புக்கென்று ஒன்றும் செய்யவில்லை. கடிதம் கொடுத்தார், அவ்வளவுதான்.

பிறகு 2022 வந்தது. அதை ஆரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் செற்றில் இரண்டு நாள், மூன்று நாள் வரிசை. யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். யூலையில் கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். என் லுமாலாவைக் கோழிக்கூட்டில் இருந்து இறக்கிக் கழுவினேன். இரண்டு ரியூப், ஒரு செயின். சைக்கிள் கடைக்கார அண்ணையிடம் அன்று இருபது பேர் வரிசையில் நின்றார்கள். முதல் கிழமை முழங்கால் கழன்றுபோகும்போல இருந்தது. மூன்றாம் கிழமை உடம்பு பழைய கணக்கை எடுத்துவிட்டது. றோட்டில் நான் தனியாள் இல்லை. ஆசிரியர், கிராம சேவையாளர், மேசன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் மிதித்தார்கள். எதிரே வருகிறவர் முகம் தெரிந்தது, நின்று கதைத்தோம். மோட்டார் சைக்கிளில் போகும்போது கையை மட்டும்தான் தூக்குவோம்.

அந்த வருடத்தை நல்ல காலம் என்று நான் எழுதமாட்டேன். பால்மா இல்லாமல் பிள்ளைகள் இருந்தார்கள், பசளை இல்லாமல் வயல் சாம்பிப்போனது, எத்தனை வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு. ஆனால் நடந்ததை மறைக்கவும் ஏலாது. செப்ரெம்பரில் என் வெறுவயிற்றுச் சீனி 116. குளிசை கூட்டவில்லை. என் வாயை நான் கட்டவுமில்லை, சீனி விலைதான் கட்டியது. அதே ஒழுங்கையில் இரண்டு பேருக்கு மருந்தைக் குறைத்திருந்தார்கள். வருத்தம் வந்தபோது நாங்கள் சோம்பேறிகள் இல்லை, குறைந்தபோது தவசிகளும் இல்லை. அதே மனிதர்கள்தான்.

பெற்றோல் திரும்பி வந்தது. சைக்கிள்கள் மறுபடி வேலிக்குப் போயின. 2024 தொடக்கத்தில் எனக்கு 149. அந்த எண்ணைக் கொப்பியில் பார்த்தபோது வந்த துக்கம் எனக்காக மட்டும் இல்லை.

அந்தக் கிழமைதான் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய் ஒரு ஐந்து நிமிடம் கேட்டேன். பொம்பிளையள் கூட்டத்தில் ஆம்பிளை ஒருவன் எழும்பிக் கதைப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. தபால்காரன் என்றபடியால் விட்டார்கள். மருந்துப் பொதியைப் பற்றிச் சொன்னேன், பெயர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு கோப்பையைப் பற்றிச் சொன்னேன். தேத்தண்ணியை நிற்பாட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அதை நிற்பாட்டினால் எங்களுக்குள் இருக்கிற கடைசிப் பொட்டும் அடைபட்டுவிடும். சீனியைக் கோப்பைக்குள் போடாமல் வேறாக ஒரு தட்டில் வையுங்கோ என்றுதான் கேட்டேன். ஒருத்தி எழும்பி, "கோயிலில அன்னதானத் தேத்தண்ணிக்கும் அப்பிடிச் செய்தால்தான் ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்" என்று சொன்னா. அது நான் யோசிக்காத புத்தி. கோயிலில் தொடங்கியது, பிறகு வீடுகளுக்கு வந்தது. எல்லா வீட்டிலும் இல்லை. என் சுற்றில் ஏழில் நாலு.

நடப்பதற்கும் அவர்களே ஒரு வழி கண்டார்கள். தனியாகப் போனால்தானே கேள்வி? பின்னேரம் ஐந்து மணிக்கு ஒன்பது பேர் சேர்ந்து குளக்கட்டில் பிள்ளையார் கோயில்வரை போய் விளக்குக் கொளுத்திவிட்டு வருகிறார்கள். கோயிலுக்குப் போகிறோம் என்றால் முடிந்தது. என் மனைவி அதில் ஒருத்தி. கட்டில் இரண்டு சூரிய விளக்குப் போடக் கேட்டுப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதினோம், நானே கொண்டுபோய்ப் பதிவுத்தபாலில் சேர்த்தேன். இதை எழுதும்வரை விளக்கு வரவில்லை. இரண்டாம் கடிதம் போன கிழமை போனது. வீதியோரம் மருதங்கன்று வைக்கவும் அதில் கேட்டிருக்கிறோம், ஆடுமாடு தின்னாமல் கூடு கட்டுகிற செலவைச் சங்கம் பார்க்கும் என்றும் எழுதியிருக்கிறோம். மலேரியாவுக்குச் சுவருக்கு மருந்தடித்த நாடு, சீனி வருத்தத்துக்கு றோட்டோரம் மரம் வைக்கலாம்.

மதகடியில் இரவில் கூடிக் குடிக்கிற பொடியளைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. இப்போது ஒன்று மட்டும். வாசிகசாலை வளவில் கரப்பந்துக் கம்பம் நட்டு ஒரு பல்ப் எரியவிட்ட நாளில் இருந்து மதகடியில் ஆக்கள் பாதி. அந்தப் பல்புக்குக் கரண்ட் காசு கட்டுவது முன்பு மாவட்ட அணிக்கு விளையாடிய அந்த மருந்துப் பொதிக்காரப் பொடியன்தான்.

நான் இப்போது திங்கள், புதன், வெள்ளி உள் ஒழுங்கைகளுக்கு லுமாலாவில் போகிறேன். மற்ற நாள் மோட்டார் சைக்கிள். போன புதன்கிழமை ஒரு ஆச்சிக்குக் கண் கிளினிக் கடிதம் வந்தது. அவவுக்கு மகன் சுவிசில் இருந்து காசு அனுப்பி, மூன்று பக்கமும் மதில் எழும்பிக்கொண்டிருந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டி, திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணி வந்தது, பக்கத்தில் சின்னத் தட்டில் சீனி.

"போடவோ தம்பி?"

"வேண்டாம் ஆச்சி."

மேசன் கிழக்குப் பக்கச் சுவரில் நூல் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவில் இரண்டு அடி அகலத்துக்குக் கல் வைக்காமல் விட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"ஆச்சி விடச் சொன்னவ அண்ணை. மகன் போனில கத்துறார், கள்ளன் வருவான் எண்டு. ஆச்சி கேக்கிறா இல்லை."

"கள்ளன் வந்தா வரட்டும். அவள் எப்பிடி வாறது?" என்று ஆச்சி உள்ளே இருந்து சொன்னா.

அவள் என்றது பக்கத்து வீட்டுக்காரியை. அவளுக்கும் அன்றைக்கு ஒரு கடிதம் இருந்தது. சைக்கிளை ஆச்சியின் முற்றத்து மாமரத்தில் சாத்திவிட்டு, அந்தப் பொட்டாலை நடந்து போய்க் கொடுத்தேன்.